கடைசிச் சொம்பு நல்ல தண்ணி

என் கடைக்குப் பம்பு வாங்க வருகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. விலையைக் கேட்டதும் நெஞ்சைப் பிடித்துக்கொள்கிறவர்கள் ஒரு ரகம். விலையே கேட்காமல் எடுத்துக்கொண்டு போய் மறுநாள் சண்டைக்கு வருகிறவர்கள் இன்னொரு ரகம். அந்தம்மா இரண்டிலும் சேர்த்தி இல்லை. முதல் நாள் கடைக்குள் வந்தவர் பம்பு வேண்டும் என்று சொல்லவில்லை, விலையும் கேட்கவில்லை. இடுப்பில் செருகியிருந்த துணியை உருவி, என் மேஜையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

“இன்னா அண்ணாச்சி இது, கை வெச்சா கையோட வருது! இதுமேலயா டிபன் டப்பாவ வெச்சுத் துன்றீங்க?”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் மேஜை, என் அழுக்கு, இவருக்கென்ன? ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் துணியைத் திருப்பிக் காட்டினார். அடுப்படியில் சட்டி துடைத்த துணி மாதிரி இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடை வைத்திருப்பவனுக்கு இது புதிதில்லை. துறைமுகத்துக்குப் போகிற லாரியும் அங்கிருந்து வருகிற டிரெய்லரும் கிளப்புகிற புழுதி ஒரு பக்கம். காற்று வடக்கே இருந்து அடித்தால் எண்ணூர் அனல்மின் நிலையச் சாம்பல் இன்னொரு பக்கம். தூத்துக்குடியிலிருந்து வந்து கடை போட்ட புதிதில் நானும் காலை, மதியம், சாயங்காலம் என்று துடைத்துப் பார்த்தேன். பிறகு வாடகை கொடுக்காமல் கூடவே தங்கிவிட்ட சொந்தக்காரனைப் போல அதைச் சகித்துக்கொண்டேன். இந்தப் பக்கத்தில் எல்லாருமே அப்படித்தான் சமாதானம் ஆகியிருக்கிறோம். அந்தம்மா மட்டும் ஆகவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்டிருக்கலாம், கேட்கத் தோன்றவில்லை. எர்ணாவூரிலிருந்து ராயபுரம் வரைக்கும் ‘வாட்டர்வாஷ் அக்கா’ என்றால் போதும், கை காட்டிவிடுவார்கள். பிறந்தது ராயபுரத்தில், மாதா கோயிலுக்கு அடுத்த சந்தில். வாழ்க்கைப்பட்டது எர்ணாவூரில். புருஷன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். இடுப்பு விட்டுப்போன பிறகு, இருவரும் பழைய குட்டியானைச் சரக்கு வண்டி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் ஒரு பெரிய கறுப்பு டேங்கு, ஒரு நீல டிரம், பெட்ரோலில் ஓடுகிற ஒரு பிரஷர் மிஷின் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். நீங்கள் வண்டியை எடுத்துக்கொண்டு வாட்டர்வாஷுக்குப் போக வேண்டாம். வாட்டர்வாஷ் உங்கள் வாசலுக்கு வரும். ஓட்டுவது புருஷன். தண்ணீர் அடிப்பது இவர். புடவைக்கு மேல் புருஷனின் முழுக்கைச் சட்டை, காலில் முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. புருஷன் வாயைத் திறப்பதே அபூர்வம். இவர் பேசாமல் இருந்து பார்த்ததும் இல்லை. இப்போது இருவரும் கும்மிடிப்பூண்டிப் பக்கம் போய்விட்டதாகச் சொல்கிறார்கள்.

அந்தம்மாவிடம் ஒரே ஒரு கோளாறு. கழுவச் சொன்னதை மட்டும் கழுவத் தெரியாது. ஆட்டோவைக் கழுவக் கூப்பிட்டால் ஆட்டோவையும் கழுவி, அது நிற்கிற தரையையும் கழுவி, பக்கத்தில் நிற்கிற மீன்காரம்மாவின் தராசையும் கழுவிக் கொடுத்துவிட்டுத்தான் போவார். சிக்னலில் நிற்கும்போது முன்னால் இருக்கிற பைக்கின் நம்பர் பிளேட்டை இறங்கித் துடைத்துவிடுவார். அந்தப் பையன் போலீஸுக்குப் பயந்து வேண்டுமென்றே சேறு பூசி வைத்திருப்பான், பாவம். ஏன் இப்படி என்று கேட்டால் அவரே கொஞ்சம் வெட்கப்படுவார்.

“அயுக்கப் பாத்துட்டு எப்டி அண்ணாச்சி சும்மா போறது? கை நமநமன்னு கீது.”

ஒருமுறை இந்த நமநமப்பு அடிதடி வரைக்கும் போனது. எங்கள் வட்டாரத்தில் ஒரு பிரமுகர். கட்சி, பதவி எல்லாம் உங்களுக்கு வேண்டாம். அவருடைய பிறந்தநாளுக்குச் சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். இரண்டே நாளில் போஸ்டர் மேல் புழுதி படிந்து, தலைவர் முகம் அடையாளம் தெரியாமல் ஆகிவிட்டது. அந்த வழியாகப் போன அந்தம்மா வண்டியை நிறுத்தச் சொல்லி, மிஷினைப் போட்டு ஒரு அடி அடித்தார். அந்தத் தண்ணீர் வேகத்துக்குக் காரை பெயர்ந்து வரும், காகிதம் எம்மாத்திரம்? அரை மணி நேரத்தில் பத்துப் பேர் என் கடை வாசலில் அவரை வளைத்துக்கொண்டார்கள்.

“யார் சொல்லிக் கிழிச்சே? எந்தக் கட்சி ஆளு நீ?”

அந்தம்மா ரப்பர் பூட்ஸோடு நடுவில் நின்றுகொண்டு, கும்பிடு போட்டுச் சொன்னார். “தொர, நான் எந்தக் கட்சியும் இல்ல. அண்ணன் மூஞ்சில கரி கீதேன்னு கய்வுனேன். மூஞ்சியே பூட்ச்சு.”

முதலில் சிரித்தது என் பக்கத்துக் கடைக்காரர். பிறகு கும்பலில் இருந்த ஒரு பையன். கடைசியில் வந்தவர்களே டீ சொன்னார்கள். போகும்போது தலைவரின் காரை ஒருநாள் கழுவித் தரச் சொன்னார்கள். அந்தம்மா காரைக் கழுவி, அவர் வீட்டு இரும்புக் கேட்டையும் கழுவிவிட்டு வந்தார்.

பம்பு கதைக்கு வருகிறேன்.

அவருக்கு வந்த சிக்கல் இதுதான். டேங்கில் தண்ணீர் இருக்கிறது, மிஷினும் ஓடுகிறது, ஆனால் தண்ணீர் விட்டு விட்டு வருகிறது. “மிஷினு இருமுது அண்ணாச்சி. காச நோய் வந்தா மாறி இருமுது. பார்க்கறவன்லாம் மிஷின மாத்துன்றான்.” மிஷினில் கோளாறு இல்லை என்று எனக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. பிரஷர் மிஷின் பசித்த பிள்ளை மாதிரி. அது விழுங்குகிற வேகத்துக்குமேல் ஊட்டுகிற கை வேகமாக இருக்க வேண்டும். டேங்கிலிருந்து மிஷினுக்குத் தண்ணீர் தள்ளுகிற பம்பு சின்னதாக இருந்தால் மிஷின் காற்றை விழுங்கி இருமத்தான் செய்யும். சரியாக ஊட்ட ஒரு பம்பு வேண்டும், அவ்வளவுதான். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தேன்.

அந்தம்மா அதை ஐந்து வாரம் ஆக்கினார்.

நான் காட்டியது, வண்டியின் பேட்டரியிலேயே ஓடுகிற பம்பு. கைக்கு அடக்கமாக இருக்கும், சத்தம் வராது, டேங்கிலிருந்து மிஷினுக்கு ஊட்ட அது தாராளமாகப் போதும். அவர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, வெளியே போய் வண்டியிலிருந்து இரண்டு பெயின்ட் பக்கெட் நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். ஒன்றில் உப்புத் தண்ணி, ஒன்றில் நல்ல தண்ணி.

“உன் கடைத் தொட்டில கீறது நல்ல தண்ணி அண்ணாச்சி. நல்ல தண்ணில எதுதான் ஓடாது? இதுல ஓட்டிக் காட்டு.”

வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பகுதியில் தண்ணீருக்கு இரண்டு பெயர். பூமிக்குள்ளிருந்து போர் போட்டு எடுப்பது உப்புத் தண்ணி. குழாயிலும் லாரியிலும் வருவது நல்ல தண்ணி. குளிப்பது, துவைப்பது எல்லாம் உப்புத் தண்ணியில். ஆனால் எத்தனை வாளி ஊற்றிக் குளித்தாலும் கடைசியில் ஒரு சொம்பு நல்ல தண்ணியைத் தலையில் ஊற்றிக்கொண்டால்தான் குளியல் முடிந்ததாகக் கணக்கு. இல்லாவிட்டால் தோல் காய்ந்து வெள்ளை பூக்கும், தலைமுடி தேங்காய் நார் ஆகும். அந்தம்மா வண்டிகளையும் அப்படியேதான் குளிப்பாட்டினார். கறுப்பு டேங்கில் உப்புத் தண்ணி, அதில் கழுவல். நீல டிரம்மில் நல்ல தண்ணி, கடைசிச் சொம்புக்கு.

பேட்டரி பம்பு இரண்டு பக்கெட்டிலும் ஓடியது. அவருக்குத் திருப்தி இல்லை. அடுத்த வாரம் வந்து வீட்டு மோட்டாரைப் பார்த்தார். “கரன்ட் இல்லாத எடத்துல?” என்று கேட்டு அதையும் தள்ளிவைத்தார். அதற்கடுத்த வாரம் மூலையில் கிடந்த பெட்ரோல் பம்பு அவர் கண்ணில் பட்டுவிட்டது. அது ஒரு முரட்டுப் பம்பு. மழைக்காலத்தில் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்தை வெளியே தள்ளுவதற்கு வாங்கிப் போவார்கள். மழை நின்றதும் திருப்பிக் கொடுக்க வருவார்கள். அதற்காகவே கல்லாவுக்கு மேல் ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று எழுதி வைத்திருக்கிறேன்.

“இது எத்தினி ஆழத்துலேர்ந்து உறியும்?”

“சம்பு, கிணறு எதுல போட்டாலும் இழுக்கும்மா. ஆனா உங்களுக்கு எதுக்கு அது? எலி பிடிக்க யானையா? பெட்ரோல் குடிக்கும். கத்தும். உங்க மிஷின் கேக்கறதைவிட அதிகமாத் தள்ளும். மிச்சத் தண்ணியை டேங்குக்கே திருப்பிவிட தனியா ஒரு குழாய் போடணும்.”

“போட்டுடு.”

வாசலில் வண்டியை நிறுத்தி அதை மாட்டிப் பார்த்தோம். மிஷின் இருமவில்லை. ஒரே சீராகத் தண்ணீர் வந்தது. சோதித்துப் பார்க்க ஏதாவது வேண்டுமே, அந்தம்மா நிமிர்ந்து என் கடை போர்டில் அடித்தார். நான் “ஐயோ” என்பதற்குள் வேலை முடிந்துவிட்டது. என் கடை போர்டு நீல நிறம் என்று எனக்கே அன்றைக்குத்தான் திரும்ப ஞாபகம் வந்தது. எதிர்ச் சாரிக் கடைக்காரர், “அண்ணாச்சி, புது போர்டு வெச்சீங்களா?” என்று கேட்டார்.

ஆனாலும் என் வியாபார மூளை ஒத்துக்கொள்ளவில்லை. விலை கூடிய பொருளை வாங்க வேண்டாம் என்று நானே ஒரு வாடிக்கையாளரிடம் மன்றாடினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்தம்மா காரணத்தைச் சொன்னார்.

“என் புத்தி எனக்குத் தெரியும் அண்ணாச்சி. போற வயில எதுனா கலீஜா நிக்கும். கய்வாம வரமாட்டேன். தண்ணி தீந்துபூடும். அப்பால நட்ட நடு ரோட்டுல பேஜாரு. கொளமோ கெணறோ, எங்க தண்ணி கெடச்சாலும் உறிஞ்சிக்கற பம்பு ஒண்ணு எனக்கு ஓணும்.”

தண்ணீரின் அளவுக்கும் குழாயின் நீளத்துக்கும் பம்பு கேட்டு நிறையப் பேர் வந்திருக்கிறார்கள். தன் குணத்துக்குத் தோதாகப் பம்பு கேட்டவர் இவர் ஒருவர்தான். எனக்குச் சிரிப்பு வந்தது, பிடித்தும் போயிற்று.

பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றும் சொன்னார். எர்ணாவூர்ப் பக்கம் டிரெய்லர் நிறுத்துகிற யார்டு ஒன்றில் தினமும் வண்டி கழுவ ஆள் தேடுகிறார்கள். ஒரு வண்டியைக் கழுவிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். அது கிடைத்தால் தெருத் தெருவாக ‘வாட்டர்வாஷ், வாட்டர்வாஷ்’ என்று கூவிக்கொண்டு போக வேண்டாம். கிடைக்காவிட்டால் வண்டியை விற்றுவிடுவது என்று முடிவாகிவிட்டது.

“வண்டிய வித்துட்டா அந்தாளு எதுனா ஏடிஎம் வாசல்ல வாச்மேனா குந்தணும். அது குந்திகினே கீற ஆளு இல்ல அண்ணாச்சி. ஒரு மாசத்துல நோவு வந்து பட்த்துக்கும்.” சொல்லும்போது கண் வண்டியில் உட்கார்ந்திருந்த புருஷன் மேலேயே இருந்தது.

கல்லாவுக்கு மேல் எழுதி வைத்த போர்டை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பம்பை எடுத்துப் போங்கள், வேலை கிடைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கொண்டுவந்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

கழுவிக் காட்டுகிற அன்று காலை நானும் கிளம்பினேன். பம்பு இன்னும் என்னுடையதுதானே, முதல் நாள் ஏதாவது மக்கர் பண்ணினால் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிக்கொண்டேன். உண்மையில் கடையில் இருப்புக்கொள்ளவில்லை. குட்டியானை முன்னால் போக, நான் ஸ்கூட்டரில் பின்னால் போனேன். எண்ணூர் விரைவுச் சாலையில் பாதி தூரம் போவதற்குள் முன்வண்டி ஓரம் கட்டி நின்றது. அந்தம்மாவின் கை நமநமத்துவிட்டதோ என்று ஸ்கூட்டரை முறுக்கினேன்.

நான் பயந்தது சரியாகப் போயிற்று. ரோட்டோரம் ஒரு வெள்ளைக் கார். பூ அலங்காரம் செய்த கல்யாணக் கார். ஏதோ ஒரு லாரி பள்ளத்தில் தேங்கியிருந்த கரிச் சேற்றை வாரி அதன் மேல் அடித்துவிட்டுப் போயிருந்தது. பாதிக் கார் கறுப்பு. வெளியே கோட்டு சூட்டு போட்ட மாப்பிள்ளை கைக்குட்டையால் துடைக்கிறேன் என்று தேய்த்து மீதிப் பாதியையும் கறுப்பாக்கிக்கொண்டிருந்தார். உள்ளே வெள்ளைக் கவுன் போட்ட பெண் அழுகிற நிலையில் இருந்தாள். சர்ச்சில் பூசை தொடங்க நேரமாகிவிட்டது.

“யம்மா, யார்டுல காத்துக்கிட்டு இருப்பாங்க!” என்று நான் கத்தினேன்.

“மாதாவுக்கு முன்னாடி பொண்ணு இப்டியா போய் எறங்கும்?” என்றார் அந்தம்மா. அதற்குள் ஓஸ் கையில் இருந்தது.

அதுவும் உப்புத் தண்ணியில் கழுவவில்லை. கல்யாணக் காரில் வெள்ளை பூக்கக் கூடாதாம். நீல டிரம்மிலிருந்து அத்தனை நல்ல தண்ணியும் அந்தக் காருக்கே போயிற்று. பூ உதிராமல், ஓஸைத் தூரத்தில் பிடித்து, மெல்லத் தூவித் தூவிக் கழுவினார். மாப்பிள்ளையின் ஷூவைக்கூட விடவில்லை. “கால நீட்டு நைனா” என்று குனிந்து துடைத்துவிட்டார். கார் கிளம்பும்போது அந்தப் பெண் கண்ணாடியை இறக்கிக் கை நீட்டி இவர் கன்னத்தைத் தொட்டாள். புருஷன் வந்து காலி டிரம்மை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தார்.

யார்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்தில் அடையாள அட்டை போட்ட ஒல்லியான மனிதர். ஒரு டிரெய்லரைக் காட்டினார். அது என்ன நிறம் என்று சத்தியமாகச் சொல்ல முடியாது. அதன் டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர், ஆள் ஆஜானுபாகு. நிழலில் குத்தவைத்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

“ஏனுங்க்கா, இதையப் போயிக் கழுவி என்ன பண்றது? பொழுதோட மறுக்காக் கரி ஏத்தோணும். பன்னிக்கு எதுக்குங்க பவுடரு?”

அந்தம்மா ஓஸைக் கையில் எடுத்துவிட்டார். டேங்கில் இருந்த தண்ணீர் பாதி வண்டிக்கே தீர்ந்தது. யார்டில் தரைக்குக் கீழே ஒரு சம்பு இருந்தது, போர் தண்ணீர். முரட்டுப் பம்பின் குழாயை அதில் இறக்கியதும் அது மடமடவென்று இழுத்து டேங்கை நிரப்பியது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஏதோ நான்தான் அதை வாங்கச் சொன்ன மாதிரி எல்லாரையும் பார்த்துக்கொண்டேன். சக்கரம், அச்சு, கொக்கி, சங்கிலி, கேபின் என்று ஒரு இண்டு இடுக்கு விடாமல் அந்தம்மா கழுவி முடித்தபோது டிரெய்லர் ஈரத்தில் பளபளவென்று நின்றது. செம்மஞ்சள் நிறம்.

சூப்பர்வைசர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். “பரவாயில்லையே. நல்லாத்தான் இருக்கு. நாளையிலேர்ந்து…”

“இல்ல சார்,” என்றார் அந்தம்மா. “வேல இன்னும் முடியல. காயட்டும்.”

எனக்கு அவர் வாயைப் பொத்திவிடலாம் போல இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுகிற நேரம். இந்த மனுஷி ஏன் கையைக் குறுக்கே நீட்டுகிறார்? வெயிலில் வண்டி காய்ந்தது. காயக் காய வெள்ளை பூத்தது. கதவில், கண்ணாடியில், பம்பரில், பக்கவாட்டில் முழுக்க விபூதிப் பட்டை மாதிரி உப்பு. சூப்பர்வைசர் முகம் மாறியது.

“என்னம்மா இது?”

“உப்புத் தண்ணி சார். கடசியா நல்ல தண்ணி ஊத்தணும். நான் எட்த்துகினு வந்தது வயில செலவாயிட்ச்சு. எந்தப்பு. இத்த கய்வுனதா கணக்கு வெச்சுக்காதீங்க.”

“மத்தியானம் சாப்பாட்டுக்கு மேல இன்னொரு ஆளை வரச் சொல்லியிருக்கேன். அவன் கழுவறதையும் பாத்துட்டு முடிவு பண்றேன்.”

“அதுக்குள்ள ஊத்திர்றேன் சார்.”

எங்கிருந்து ஊற்றுவார்? அவர்கள் தெருவில் அன்றைக்குத் தண்ணீர் முறை இல்லை. லாரித் தண்ணீர் நினைத்த நேரத்தில் கிடைக்காது. அந்தம்மா முதல்முறையாக ஓஸைக் கீழே போட்டுவிட்டு, வண்டிச் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். புருஷன் கொஞ்சம் தள்ளி நின்று வண்டிச் சாவியைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சாவியைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. “எங்க வீட்டுச் சம்புல இருக்கு, வாங்க” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் மனைவி ஞாபகத்துக்கு வந்தாள்.

எங்கள் வீடு கடைக்கு மேல் மாடியில். நல்ல தண்ணிச் சம்பு பின்பக்கம், பூட்டுப் போட்டு. சாவி என் மனைவி இடுப்பில். அந்தச் சாவியை நான் தொட்டதில்லை. குட்டியானை பின்பக்கம் வந்து நின்றதும் அவள் மாடிப்படியில் இறங்கி வந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

“என்ன சோலி பாக்கிய நீங்க? ஊரான் லாரியக் குளிப்பாட்ட நம்ம நல்ல தண்ணியா? நாளைக்குப் பிள்ளையளுக்கு எதுல சோறு பொங்க?”

ஒப்பந்தம், வேலை, வண்டி விற்பது என்று ஏதேதோ உளறினேன். ஒன்றும் அவளிடம் எடுபடவில்லை. அந்தம்மா வண்டியிலிருந்து இறங்கி வந்து ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்.

“அக்கா, அது குளிச்சு முட்ச்சிட்டு கடசி சொம்பு ஊத்தாம நிக்குது.”

என் மனைவியின் கை தன்னால் தலைமுடிக்குப் போயிற்று. இந்த ஊருக்கு வந்த முதல் வருடம் உப்புத் தண்ணியில் முடி கொட்டி, ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று அழுதவள் அவள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

“அந்த ஓஸ மொதல்ல கழுவிட்டு உள்ள விடச் சொல்லுங்க,” என்று மட்டும் என்னிடம் சொன்னாள்.

பம்பு கத்தின கத்தில் தெருவே எட்டிப் பார்த்தது. ஆழமான சம்பு அது. நான் சிபாரிசு செய்த பேட்டரி பம்பாக இருந்திருந்தால் அவ்வளவு கீழேயிருந்து முக்கி முனகித் தண்ணீர் ஏற்றுவதற்குள் யார்டு சூப்பர்வைசர் சாப்பிட்டுத் தூங்கியும் எழுந்திருப்பார். டிரம் நிறைகிற நேரத்துக்குள் அந்தம்மா கை சும்மா இருந்ததா? எங்கள் மாடிப்படியில் விளக்குமாறோடு இறங்கிவிட்டார். டேங்கில் மிச்சமிருந்த உப்புத் தண்ணியை வாளியில் பிடித்து மேலிருந்து கீழ்வரை தேய்த்துத் தள்ளினார். என் மனைவி தடுக்கவில்லை. கடைசிப் படி முடிந்ததும் அவளே ஒரு குடம் நல்ல தண்ணியை எடுத்து வந்து மேல் படியில் நின்று ஊற்றினாள்.

யார்டுக்குத் திரும்பியபோது சாப்பாட்டு நேரம் முடிகிற தருவாய். அந்தம்மா நீல டிரம்மைத் திறந்துவிட்டு டிரெய்லரை மேலிருந்து கீழே அலசினார். அவசரப்படவில்லை. வெள்ளைப் பட்டையெல்லாம் கரைந்து ஓடியது. எல்லாரும் காய்வதற்குக் காத்திருந்தோம். காய்ந்தது. செம்மஞ்சள் செம்மஞ்சளாகவே நின்றது. கீழ் விளிம்பில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு வரைந்திருந்தது, புது வண்டியாக வந்த நாளில் போட்டது. அப்படி ஒரு கோடு இருப்பது சூப்பர்வைசருக்கே தெரியாது.

“நல்லாத்தாம்மா இருக்கு,” என்றார் அவர். “ஆனா இதுக்கு இவ்வளவு பாடு படணுமா? நாளைக்கே கரி ஆகப் போகுது.”

“அது நாளிக்கி சார்.”

“அந்த ஆளும் வந்து கழுவட்டும். பாத்துச் சொல்றேன்.”

அந்தம்மா தலையை ஆட்டிவிட்டு ஓஸைச் சுருட்ட ஆரம்பித்தார். லோடு ஏற்ற நேரமாகிவிட்டது என்று யாரோ குரல் கொடுத்தார்கள். நாமக்கல் டிரைவர் எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கேபின் கதவைத் திறந்து, படியில் ஒரு காலை வைத்தார். வைத்த காலை அப்படியே பின்னால் எடுத்தார். தரையில் நின்று, செருப்பு இரண்டையும் கழற்றினார். ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறி, இடது கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு ஏறினார்.

சூப்பர்வைசர் கொஞ்ச நேரம் அந்த மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். “நீ இனிமே வர வேண்டாம்ப்பா. இங்க ஆள் போட்டாச்சு,” என்றார்.

ஒரு டிரெய்லருக்காகக் கண் கலங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். அந்தம்மா சுருட்டின ஓஸை மார்போடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

“யோவ்,” என்றார் புருஷனிடம், ஏதோ ரகசியம் சொல்வது போல. “செருப்பக் கய்ட்டிட்டு ஏர்றாருய்யா.”

புருஷன் வாயைத் திறந்து பேசி நான் கேட்டது அன்று ஒருமுறைதான்.

“பாத்துகினுதாம்மே கீறேன்.”